பானெட்டைக் குளிப்பாட்டிய நாள்

மச்சானுடைய வலது கை இடது கையைவிடப் பருமனாக இருக்கும். சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர் ஒருமுறை இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவு எழுதிக்கொண்டார். பெயிண்ட் அடித்த காருக்குப் பளபளப்பு ஏற்றுவது என்றால் அப்போதெல்லாம் பனியன் துணியில் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையைத் தொட்டுத் தொட்டு நாள் முழுக்கத் தேய்ப்பதுதான். ஒரு கதவுக்கு அரை நாள் ஆகும். முழு வண்டியும் முடிந்த அன்று மச்சானால் சோற்றைப் பிசைய முடியாது. அக்கா பிசைந்து தட்டில் வைப்பாள். "கார்காரன் மூஞ்சிய அதுல பாத்துச் சீவிக்கிறான், நமக்குக் கை போகுது" என்பாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வண்டிப்பெரியாரில் பஸ் ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சரிவில் மச்சானின் ஷெட் இருந்தது. டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் உண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அவருக்கு ஒத்தாசையாக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் நாலாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் வீட்டுக்கு இங்கிலீஷில் என்ன காகிதம் வந்தாலும் அது என்னிடம் வரும். மருந்துப் புட்டி, ரேடியோவோடு வந்த அட்டை, ஒருமுறை பிஸ்கட் டின். நானும் வாசித்துச் சொல்வேன். பாதி தெரியும், மீதியை ஒப்பேற்றுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் எனக்கு எப்போதும் உண்டு.

பாலிஷ் மெஷின் பேச்சைக் கொண்டுவந்தவர் பீர்மேட்டு மலையாளி டாக்சிக்காரர்; சேட்டன் என்று கூப்பிடுவோம். கறுப்பு அம்பாசிடர் வைத்திருந்தார். மழையும் வெயிலும் பட்டு அது தோசைக்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

"கொச்சியில கரண்டு மிஷன் வெச்சில்லே தேய்க்கிறாங்க. அரை நாள் மதி. வண்டி கண்ணாடி" என்றார். "என் தங்கச்சிக்குக் கல்யாணம் வருது. நீங்க மிஷன் வாங்கினா என் வண்டிதான் ஃபர்ஸ்ட்."

மச்சான் அன்று முழுக்கத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் முடிவு செய்துவிட்டார். "மதுரைக்குப் போயி வாங்குவோம் மாப்ள. அதுகூட ஒரு பொஸ்தகம் குடுப்பாங்களாம், இங்கிலீஷ்ல. எனக்கென்ன, நீ இருக்க."

குமுளி போய், மலையிறங்கிக் கம்பம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். கடையில் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார்கள். மச்சான் ஒவ்வொன்றையும் பலாப்பழத்தைப் பார்ப்பதுபோல் தூக்கி, தட்டி, உருட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடித்தது சின்னது. கைக்கு அடக்கமாக இருந்தது.

நான் தகட்டில் இருந்த எழுத்தை வாசித்தேன். சின்னது நிமிஷத்துக்குப் பெரியதைப்போல் மூன்று மடங்கு சுற்றும்.

"அப்புறமென்ன, மூணு மடங்கு வெரசா முடியும்ல?" என்றார் மச்சான்.

"சூடும் மூணு மடங்கு வரும் மச்சான். உரசினா சூடு. பெயிண்ட் பொசுங்கிரும்."

"யாரு சொன்னா?"

"ஒன்பதாங் கிளாஸ் சயின்ஸ்."

கடைக்காரர் சிரித்தார். "தம்பி சொல்றது சரிதாண்ணே. அது இரும்பைத் தேய்க்கிறது. பெருசுதான் காருக்கு." ஓட்டிக் காட்டச் சொன்னால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மெதுவாகச் சுற்றும் பெரியதையே கட்டி வாங்கிக்கொண்டோம். மலையேறும்போது மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டு, "ஓடுறத விட்டுட்டு நடக்கிறத வாங்கிட்டு வந்துருக்கோம். ஒம்பதாங் கிளாஸ் காப்பாத்தணும்" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தார்.

பெட்டியில் மெஷின், தோசை அளவில் ஒரு ரப்பர் தட்டு, ஒரு ஸ்பேனர், புத்தகம், கூடவே ஆட்டு ரோமத்தில் ஒரு வெள்ளைக் குல்லா. அதன் வாயைச் சுற்றி நாடா. மெஷினைத் தூசி படாமல் மூடி வைக்கத் தந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். "மெஷினுக்கே குல்லா! நம்ம ஊருக் குளிரு மதுரைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் மச்சான். மூடியெல்லாம் வைக்கவில்லை. அடுத்த நாள் மூடுபனி இறங்கியபோது அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நன்றாகவே பொருந்தியது.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பழைய அகராதி ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். தெரியாத வார்த்தை ஒன்றுவிடாமல் பார்த்து, நோட்டில் தமிழில் எழுதினேன். அந்த முறை ஒப்பேற்றக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரும்பாலான வாக்கியங்களில் 'பானெட்' வந்தது. அதற்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. ஷெட்டில் துணி துவைக்க வரும் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பானெட் என்றால் காரின் எஞ்சினுக்கு மேல் இருக்கும் மூடி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே சேட்டன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். புத்தகத்தில் எனக்கு இன்னும் கடைசிப் பக்கம் பாக்கி. பரவாயில்லை என்று நோட்டைப் பிரித்து உரக்க வாசித்தேன்.

"முதன்முறை உபயோகிக்கும் முன், புதிய பானெட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தவும்."

"புதுசா? எட்டு வருஷப் பழசில்லே இது?" என்றார் சேட்டன்.

எனக்கும் அந்த இடத்தில் லேசாக இடறியது. "மெஷினுக்கு இது புதுசுதானே சேட்டா" என்றேன்.

மச்சான் அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சாக்கின்மேல் சாய்த்தோம். அக்கா அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். விரலை விட்டுப் பார்த்து, "சூடு போதுமா, பச்சத்தண்ணி விளாவவா?" என்று பிரசவ வீட்டில் கேட்பதுபோல் கேட்டாள். துணி சோப்புப் போட்டு, முன்னும் பின்னும் அலசினோம். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றுவிட்டார்கள்.

"சாம்பிராணி போடலையா?" என்று ஒரு குரல் வந்தது.

சேட்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்குத் தாலிகட்டு. கல்யாணப் பெண்ணு குளிச்சாச்சு. பானெட்டு இப்பத்தான் குளிக்குது."

நிழலில் அது உலர மத்தியானம் ஆயிற்று. திரும்ப மாட்டினோம். அடுத்த விதி: "ஓட்டுவதற்கு முன் பானெட்டை நாடாவால் இறுகக் கட்டவும்." நாடாவுக்கு எங்கே போவது? தேங்காய் நார்க் கயிற்றால் முன்பம்பரோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார் மச்சான். "பானெட் இல்லாமல் ஒருபோதும் பெயிண்டின்மேல் ஓட்டக் கூடாது" என்று கடைசியாக வாசித்தேன். பானெட் இருந்தது. கட்டியும் இருந்தது. ரப்பர் தட்டை மெஷினில் முடுக்கி, பானெட்டின் இடது மூலையில் காம்பவுண்டைப் பூசி, ஸ்விட்சைப் போட்டோம்.

அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. ஐந்தாறு ஆட்டுக்குட்டிகளை ஒரே கதவில் நசுக்கியதுபோல் வீறிட்டது. காம்பவுண்டு சிதறி என் சட்டையிலும் சேட்டனின் மீசையிலும் அடித்தது. மச்சான் நிறுத்துவதற்குள் பானெட்டில் ஒரு வெளுத்த வட்டம் விழுந்துவிட்டது, ஈர டம்ளர் வைத்து எடுத்த மேசைபோல.

சேட்டன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார் மச்சான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாக்கியிருந்த கடைசிப் பக்கத்தை விரித்தேன். ஒரு வார்த்தை தெரியவில்லை. அகராதியில் பார்த்தேன், 'சிக்குப் பிடித்த' என்று இருந்தது. அடுத்த வார்த்தை தெரிந்ததுதான்: சீப்பு. பானெட் சிக்குப் பிடித்தால் சீப்பால் வாரி விடவும்.

பானெட்டுக்கு எப்படித் தலை வாருவது?

வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த வார்த்தை ஒன்றை அகராதியில் தேடினேன். இரண்டு அர்த்தம் இருந்தது. மோட்டார் வண்டியின் மூடி இரண்டாவதுதான். முதலாவது: நாடா வைத்துத் தாடைக்குக் கீழ் கட்டும் தொப்பி.

நிமிர்ந்தேன். எதிரே மச்சான் நின்றார். தலையில் வெள்ளை ரோமக் குல்லா, தாடைக்குக் கீழ் நாடா முடிச்சு.

இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். அச்சுப்பிழை என்று சொல்லலாம். புத்தகம் என் கையில்தான் இருக்கிறது, வேறு யாராலும் வாசிக்க முடியாது. பிஸ்கட் டின் காலத்திலிருந்து அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். ஆனால் அந்த வட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான், நான் தப்பா வாசிச்சுட்டேன்."

"எதை?"

"பானெட்டுன்னா இது இல்ல. உங்க தலையில இருக்கிறது."

மச்சான் தலையைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துக் குல்லாவைக் கையில் எடுத்து, உள்ளும் புறமும் திருப்பினார். ரப்பர் தட்டின்மேல் போட்டு நாடாவை இழுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்ப காலையில இருந்து நாம என்னத்தடா குளிப்பாட்டுனோம்?"

அக்கா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். டீக்கடைக் கூட்டத்துக்குச் செய்தி போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணம் நாளைக்கு. சிரிப்பு நாளை மறுநாள்" என்றார்.

மறுபடி ஸ்விட்சைப் போட்டபோது சத்தமே வேறு. நெல் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல் ஒரு முனகல். மெஷினை என்னிடம் கொடுத்தார் மச்சான். அது வலப்பக்கம் இழுத்தது, சந்தையில் கயிற்றோடு ஓடப் பார்க்கும் கன்றுக்குட்டிபோல. வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல், நீளவாட்டில் போய்வந்து பழகினேன். வலக்கதவில் முதலில் என் பித்தான்கள் தெரிந்தன, பிறகு என் முகம், அதற்குப் பின்னால் எதிர்மலைத் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக. சாயங்கால பஸ்கள் திரும்புமுன் முழு வண்டியும் முடிந்தது.

பானெட்டில் விழுந்த வட்டமும் பெரும்பாலும் போய்விட்டது. மச்சான் குனிந்து பார்த்தார். "அடிப் பெயிண்ட் வரைக்கும் போகல. வெரசா சுத்துறத வாங்கியிருந்தா தகரம் தெரிஞ்சிருக்கும்." அதற்குமேல் அவர் ஒன்பதாங் கிளாசைப் பாராட்டவில்லை.

ஆனால் ஒரு பக்கமாக நின்று பார்த்தால் லேசாகத் தெரிந்தது. சேட்டன் கவனிக்கவில்லை. நானே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"பூ எங்கே வெக்கணும்னு இப்ப மனசிலாயி" என்றார். மறுநாள் கல்யாண வண்டியின் பானெட்டில் பூவெல்லாம் இடதுமூலையில் மட்டும் குவிந்திருந்ததாம். அதுதான் புது ஸ்டைலா என்று குமுளிப் பக்கம் இரண்டு பேர் கேட்டுப் போனார்களாம். வட்டத்தை அடுத்த வாரம் பெயிண்ட் தொட்டுச் சரிசெய்து கொடுத்தோம்.

குல்லாவை வெந்நீரில் அலசி, நிழலில் போட்டு, அக்கா தன் சீப்பாலேயே சிக்கெடுத்தாள். எடுத்தபின் அந்தச் சீப்பை மச்சானுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. மச்சான் புதிதாக வாங்கிய மெழுகு டின்னை என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்கு மாப்ள?"

வாசித்தேன். "சுலபம்தான். எல்லாம் தெரிஞ்ச வார்த்தை மச்சான்."

"தெரிஞ்ச வார்த்தையா?" மச்சான் பனியன் துணியைக் கீழே வைத்தார். "அப்ப அகராதிய எடு."