ஓடுவதற்கு ஒரு பொத்தான்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இருவரும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் அடுத்த பாகத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள். அம்மா என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்னும் வெளிவராத ஒரு விளையாட்டுக்காக நானும் ஒரு காலத்தில் தொண்டை வறளப் பேசியவன். அந்தக் கதையை எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான், மொத்தம் ஒன்பது வருடப் படிப்பு. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. என் இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான் உண்டு என்பதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். நடு மூன்று விரல்களையும் பலகை இழைக்கிற இயந்திரம் எடுத்துக்கொண்டது அதற்கு இரண்டு வருடம் முன்பு. அதற்குப் பிறகு அந்தக் கை எப்போதும் கால்சட்டைப் பையிலேயே இருக்கும். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட வேண்டுமே என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்தக் கை வெளியே இருந்தது ஒரே ஓர் இடத்தில். துணிக்கடை ஒன்றின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்களை வயர் போட்டு ஒன்றாக இணைத்திருப்பார் கடைக்காரர். அவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பூமிக்கடியில் குகை குகையாக இறங்கி அரக்கர்களை வெட்டுகிற விளையாட்டு அது. நான்கு பேர் சேர்ந்து இறங்கலாம். நடப்பது, அடிப்பது, மருந்து குடிப்பது எல்லாம் மௌசால்தான். வலது கை ஒன்று போதும். மாதக்கணக்கில் என்னோடு ஆடியவர்கள் என் இடது கையைப் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்து மறந்துவிட்டார்கள். மற்ற இடங்களில் என்னைப் பார்த்ததும் முதலில் கை, பிறகுதான் நான். அங்கே நான் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஸ் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை மேசைமேல் விரித்தார். விளையாட்டின் இரண்டாம் பாகம் வரப்போகிறதாம். நான்கு பக்கம் படமும் செய்தியும். ஆடுகிறவர்கள் கருத்து எழுதலாம் என்று கம்பெனியின் முகவரியும் கீழே இருந்தது.

கீழே துணிக்கடை வைத்திருந்த பாய்தான் முதலில் ஆரம்பித்தார். எங்களில் ஆட்டத்தில் பெரிய கை அவர்.

"என்ன பாஸ் இது, குகையில இவ்ளோ வெளிச்சம்? பேய் வீடா, கல்யாண வீடா? என் கடை சேலையிலகூட இத்தன கலர் இல்ல லா."

"உங்க கடையில எல்லாமே சாயம் போனது பாய், அதான் தெரியல," என்றார் கிளார்க் அண்ணன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஞாயிறுதோறும் ரயில் ஏறி வருவார். ஆங்கிலத்தை எங்களுக்குப் படித்துச் சொல்வது அவர்தான். "கலர விடுங்கோ. செத்தா சாமான் எல்லாம் செத்த இடத்திலயே கிடக்குமாம். திரும்பிப் போய் எடுக்க வேணுமாம்."

"போய் எடுக்கறதுக்குள்ள இன்னொரு தடவ சாவணும்," என்றார் பாஸ். "நல்லா செய்றானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அண்ணன் அடுத்த பத்தியைப் படித்தார். இரண்டாம் பாகத்தில் ஓடலாம். ஓடுவதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மந்திரங்களை மாற்ற மேல் வரிசையில் எட்டுப் பொத்தான்கள். வலது கை சண்டை போடும்போது இடது கை இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பாய்க்கு ஒரே சந்தோஷம். எனக்கு என் இடது கைதான் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் ஓடுவார்கள், நான் பின்னால் நடந்து வருவேன். ஒரு நாள் காத்திருப்பார்கள், இரண்டு நாள் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது என் கையைப் பார்த்து 'பாவம்' என்பார்கள். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் அந்த மாடி எனக்கு முடிந்தது.

காரணத்தைச் சொல்லாமல் எதிர்த்தேன். "ஓடுறது எதுக்கு? பயந்தவன்தான் ஓடுவான்," என்றேன்.

"மச்சான், நீங்க ஆமை மேல போங்க, நாங்க ஓடுறோம்," என்றார் பாய்.

வாரம் முழுக்க இதே பேச்சு. நம்மவர்கள் இரண்டு கட்சியானால் கடைசியில் எங்கே போய் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? பட்டிமன்றம். பாஸ்தான் நடுவர். தலைப்பு: விளையாட்டுக்குச் சிறப்பு வேகமா, நிதானமா? பக்கத்துக்கு ஒருவர், நானும் கிளார்க் அண்ணனும். ஜெயிக்கிற பக்கத்தின் கருத்தை எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது என்று முடிவானது. அவரவர் விரும்பிய பக்கம் பேசினால் சண்டையாகிவிடும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். பாய் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். வேகம் வேண்டும் என்று குதித்த அண்ணனுக்கு நிதானம் வந்தது. எனக்கு வேகம்.

மறு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். அண்ணன் எழுந்து, "நடுவர் அவர்களே," என்று தொடங்கினார். மனது இல்லாமல் பேசினார், பாவம். நிதானமாகத் தண்ணீர் குடித்ததுதான் அவர் சொன்ன நல்ல வாதம்.

என் முறை வந்தது. ஏனோதானோ என்று பேசித் தோற்றுவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் ஒரு வாரமாகப் படுக்கும்போதும் குளிக்கும்போதும் வேகத்தின் பக்கத்து வாதங்களையே நினைத்து நினைத்துப் பயந்தவன் நான். ஒவ்வொன்றும் மனப்பாடம். வாயைத் திறந்ததும் கொட்டிவிட்டது.

"நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நடந்தா வந்தார்? ரயிலில் வந்தார். கேட்டால் நிதானம் என்பார். கூட்டாளி குகையில் சாகும்போது ஓடிப்போய் நிற்கத்தானே நமக்குக் கால்?"

கை தட்டினார்கள். தட்டத் தட்ட எனக்கும் உற்சாகம் ஏறியது. பேசி முடித்து உட்கார்ந்தபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பாஸ் கொஞ்சமும் யோசிக்காமல் வேகமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அண்ணன் அங்கேயே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். ஓடுகிற பொத்தானும் எட்டுப் பொத்தான்களும் அப்படியே இருக்கட்டும் என்று. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பேனா என்னிடம் வந்தது. நான் போடவில்லை.

"என்ன மச்சான்? ஜெயிச்சவரே கையெழுத்துப் போடமாட்டேங்கிறாரு," என்றார் பாய். "மாலை போட்டாதான் போடுவீங்களா?"

பொய் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். போதும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த கீபோர்டை இழுத்து இடது கையை அதன்மேல் வைத்தேன். கட்டை விரலை ஓடுகிற பொத்தானில் வைத்தால் சுண்டு விரல் மேல் வரிசைக்கு எட்டவில்லை. சுண்டு விரலை மேலே வைத்தால் கட்டை விரல் கீழே எட்டவில்லை. இரண்டு முறை வைத்துக் காட்டினேன்.

"இதுதான் பாய் விஷயம்," என்றேன். "நான் பயந்தவன்னு சொன்னது என்னையத்தான்."

'பாவம்' என்ற அந்தச் சொல் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

பாய் எழுந்து கீழே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கழுத்தில் துணி அளக்கிற டேப்போடு திரும்பி வந்தார்.

"கைய விரிங்க. இன்னும் கொஞ்சம். சட்டை தைக்கவா போறேன், ஏன் நெளியுறீங்க?"

கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை அளந்தார். "அண்ணே, நாலரை இஞ்சு. எழுதிக்கிங்க."

"தீர்ப்பு சொல்லியாச்சு," என்று யோசித்தார் அண்ணன். "மாத்த ஏலுமோ?"

"மாத்த வேணாம்," என்றார் பாஸ். "சேத்துக்கலாம். வேகம் இருக்கட்டும். ஆனா எந்தப் பொத்தான் எதுக்குன்னு ஆடுறவன் முடிவு பண்ணணும். கம்பெனிக்காரன் பண்ணக்கூடாது."

அண்ணன் கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். என் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நாலரை அங்குலமும் அதில் போனது. விபத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு அட்டை வந்தது. எல்லாருக்கும் அனுப்புகிற நன்றி அட்டை. விரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அண்ணனுக்குக் கோபம். நான் மனதைத் தயார்செய்துகொண்டேன்.

இரண்டாம் பாகம் ஒரு வழியாக வந்துசேர்ந்தது. பாஸ் அதைப் போட்டதும் யாரும் ஆட உட்காரவில்லை. நேரே அமைப்புப் பக்கத்தைத் திறந்தார்கள். பொத்தான்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றையும் நமக்கு வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டத்தை அழுத்திப் பிடிக்கவே தேவையில்லை. ஒரு தரம் அழுத்தினால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும்.

"நம்ம கடுதாசி லா," என்றார் பாய்.

"அவங்கள் முதலே யோசிச்சிருப்பாங்கள்," என்றார் அண்ணன். அதுதான் உண்மையாக இருக்கும். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

கட்டை விரலுக்கு மருந்து, சுண்டு விரலுக்கு மூன்று மந்திரம் என்று வைத்துக்கொண்டேன். நால்வரும் இறங்கினோம். ஓடினேன். மற்றவர்களுக்கு முன்னால் ஓடினேன். முதல் குகையிலேயே பத்து அரக்கர்களுக்கு நடுவில் போய் நின்று செத்தேன். சாமான் எல்லாம் அங்கேயே கிடந்தது.

"என்னய்யா ஆட்டம் இது?" என்று பாய் திட்டினார். "விரல் மூணு கம்மி, சரி. கண்ணுமா கம்மி? வாங்க, போய் பொறுக்குவோம்."

மறுபடியும் ஓடினோம்.