மயிலைக்குப் புரியாத கணக்கு

சிவசங்கரி டீச்சருக்குக் குரல் பெருசு. கேரள எல்லையில, கோவிந்தாபுரம் பக்கத்து ஹைஸ்கூல்ல, பத்தாம் வகுப்பு தமிழ் மீடியம் டிவிஷனுக்கு அவங்க கணக்கு நடத்தினா, வெளியே ரோட்டுல தேங்காய் லோடு ஏத்தறவங்களுக்கும் பாதிப் பாடம் காதுல விழும். பொறந்தது பொள்ளாச்சி, வாக்கப்பட்டது கொல்லங்கோடு. தினமும் பஸ் ஏறி வருவாங்க, வந்த வேகத்துல சாக்பீஸை எடுப்பாங்க, ஒரு கணக்கு முடிஞ்சதும் திரும்பி நின்னு "புரிஞ்சுதா?"ன்னு ஒரு அதட்டல். "புரிஞ்சுதுங்க டீச்சர்!" மொத்த வகுப்பும் சொல்லும். அதுலயும் முதல் பெஞ்சு பூபதிராஜா, வகுப்பு லீடர், கபடி டீம் கேப்டன், கேள்வி முடியறதுக்கு முந்தியே சொல்லிப்போடுவான்.

கிறிஸ்துமஸ் பரீட்சைப் பேப்பரைத் திருத்தறப்பத்தான் டீச்சருக்கு விஷயம் தெரிஞ்சுது. ஒரே தப்பு முதல் பெஞ்சுல ஏறி, கடைசி பெஞ்சுல போய் இறங்கியிருந்துது. அத்தனையும் பார்த்து எழுதினது. அட சாமி, மார்ச்சுல எஸ்.எஸ்.எல்.சி.யை வச்சுக்கிட்டு, இதுல யாருக்குக் கணக்கு வரும், யாருக்கு வராதுன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

லீவுல ஒரு டிரெய்னிங் போட்டாங்க. நெட்டுல கேள்வி போட்டா, பிள்ளைங்க ஊட்டுல இருந்தே அப்பா அம்மா போன்ல பதில் அமுக்கலாம், பேரு இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்னு சொல்லித்தந்தாங்க. டீச்சர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க.

"உங்க பேரு வேண்டாம். எந்தப் பேரு வேணும்னாலும் வைங்க. யாருன்னு நான் தேட மாட்டேன், சத்தியமா. பார்த்து மட்டும் போடாதீங்க, கண்ணுங்களா."

மறுநாள் காலையில புரொஜெக்டரைப் போட்டா, செவலை, காரி, கொம்பி, பில்லை! பாதிப் பிள்ளைங்க ஊட்டுல கறவை மாடு. யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சிருக்காங்க, மிச்சப் பேரும் அதே மாதிரி மாட்டுப் பேரா வச்சுட்டாங்க. மலையாளம் டிவிஷன் லிபின் சார் எட்டிப் பார்த்துட்டு, "டீச்சரே, இது வகுப்போ, மாட்டாஸ்பத்திரியோ?"ன்னார். டீச்சருக்கே சிரிப்பு தாங்கலை.

சிரிப்பெல்லாம் கடைசி வரியைப் பார்க்கற வரைக்கும்தான். மயிலைன்னு ஒண்ணு. ஒரு கேள்விகூடச் சரியில்லை. மறுநாளும் மயிலைதான் கடைசி, அதுக்கு மறுநாளும். இந்தப் பிள்ளை இப்படியே போய் மார்ச்சுல உட்கார்ந்தா நிச்சயம் ஃபெயில். பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லித்தந்தாக் கரையேத்திடலாம், ஆனா யாரு பக்கத்துல உட்கார்றது?

பொறுக்கமாட்டாம ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பை ஒட்டின பால் சொசைட்டிக்குள்ள நுழைஞ்சாங்க. ஊர் மாடு அத்தனையும் செக்ரட்டரி பெரியமுத்துவுக்குத் தெரியும்.

"ஏனுங்க, மயிலைங்கற மாடு யாரு ஊட்டுதுங்க?"

"மாடு வாங்கறீங்களா டீச்சர்?"

"இல்லீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"நல்லாக் கேட்டீங்க போங்க! வெள்ளையில கொஞ்சம் சாம்பல் அடிச்சா எல்லாமே மயிலைதானுங்க. எங்க ஊட்டுலயே ஒண்ணு நிக்குது. எந்த மயிலைங்க வேணும் உங்களுக்கு?"

பால் ஊத்த வந்த பொம்பளைங்க வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. டீச்சருக்கு வெட்கமாப் போச்சு. பிள்ளைங்க கிட்டச் சத்தியம் பண்ணிட்டு இங்க வந்து துப்பு விசாரிக்கறோமே, சீ, என்ன பொழப்பு இதுன்னு பஸ்ஸுல தன்னைத்தானே திட்டிக்கிட்டே போனாங்க.

யாருன்னு தேடாமலே சொல்லித்தந்தா என்னன்னு மறுநாள் தோணுச்சு. 'மயிலைக்கு என்ன புரியலைன்னு மயிலையே எழுதட்டும்'னு நெட்டுல கேள்விப் பெட்டி ஒண்ணு வச்சாங்க. ராத்திரியே வந்துடுச்சு: 'மைனஸும் மைனஸும் பெருக்கினா எப்படிங்க பிளஸ் வருது?'

காலையில அதைத் திரையில போட்டதும் வகுப்பு கொல்லுன்னு சிரிச்சுது. ஏழாம் வகுப்புக் கேள்வியாச்சே! பூபதிராஜாவும்தான் சிரிச்சான். டீச்சருக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"சிரிக்கறவங்க எந்திரிச்சுப் பதில் சொல்லுங்க பார்க்கலாம்!"

எல்லாரும் மனப்பாடம் பண்ணினதுதான், ஏன்னு யாருக்கும் தெரியாது. டீச்சர் திரையில மைனஸ் ரெண்டை மூணால பெருக்கினாங்க, அப்புறம் ரெண்டால, ஒண்ணால, பூஜ்யத்தால. மைனஸ் ஆறு, மைனஸ் நாலு, மைனஸ் ரெண்டு, பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஏறுது. "அடுத்து மைனஸ் ஒண்ணால பெருக்கினா எங்க போய் நிக்கும்?" "பிளஸ் ரெண்டுங்க!"ன்னு வகுப்பே கத்துச்சு.

அன்னையில இருந்து வகுப்பே மாறிடுச்சு. "மயிலைக்கு இன்னைக்கு என்னங்க டீச்சர்?"னு மோனிஷா வந்ததும் வராததுமாக் கேட்பா. மௌனிகா மயிலைக்காக வகுப்பு குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டா. மயிலை ஒரு நாள் செவலையைத் தாண்டினப்ப எல்லாரும் கை தட்டினாங்க. லிபின் சார்கூட, "மயிலைக்கு எந்தாயி, என்னாச்சு டீச்சரே?"ன்னு விசாரிப்பார். டீச்சருக்கு வருசக்கணக்கா இல்லாத சந்தோசம். மனசுக்குள்ள ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துது. மார்க் ஏறுதுதான், ஆனா பாஸ் இன்னும் எட்டலை. பரீட்சை ஹாலுக்கு மயிலை வராது, அந்தப் பிள்ளைதான் வரணும். இருந்தாலும் டீச்சர் வாக்கு வாக்குதான், அந்தப் பால் சொசைட்டிக்கு அப்புறம் தேடவேயில்லை.

பிப்ரவரியில ஒரு நாள் காலையிலயே கரண்டு போயிடுச்சு. புரொஜெக்டர் இல்லை, நெட்டு இல்லை. டீச்சர் பழையபடி சாக்பீஸை எடுத்து, தொடுகோட்டுக் கணக்கு ஒண்ணைப் போர்டு நிறையப் போட்டு முடிச்சுத் திரும்பினாங்க.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க டீச்சர்!"

என்னமோ குறைஞ்ச மாதிரி இருந்துது. முதல் பெஞ்சைப் பார்த்தா, பூபதிராஜா எந்திரிச்சு நிக்கறான். காது ரெண்டும் செவந்து கிடக்கு.

"எனக்குப் புரியலைங்க டீச்சர்." எச்சியை முழுங்கினான். "மயிலை எங்க ஊட்டு மாடுங்க."

மோனிஷா வாயைப் பொளந்துக்கிட்டு அவனையே பார்த்தா. டீச்சருக்கு ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடிச்சுக்கலாமான்னு இருந்துது. இருபது வருசமாக் கேட்ட கேள்விக்கு இப்பத்தான் ஒருத்தன் நிசமாப் பதில் சொல்றான்.

"எந்த இடத்துல விட்டுப்போச்சு, கண்ணு?"

அவன் போர்டை மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்தான்.

"முதல் வரியில இருந்தேங்க டீச்சர்."

டீச்சர் சிரிச்சுக்கிட்டே டஸ்டரை எடுத்து, போர்டு மொத்தத்தையும் அழிச்சாங்க.