இடது கைப்பிடி

கல்லாவியில் எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போன மறுவருஷம் இது. மகள் வீட்டுக்குப் போகும் பஸ் ஜூஜுவாடியில் பஞ்சராகி நிற்கிறது. நான் ரோட்டோர வீடியோ கேம் கடைக்குள் ஒதுங்குகிறேன்.

இரண்டு பேர் மோதி ஆடும் சண்டைப் பெட்டி. அதன் இடது கைப்பிடி மக்கர். திரையில் அந்தப் பக்கத்து ஆள் எகிறிக் குதிக்க மாட்டான். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தை அந்த இடது பக்கம்தான் ஆட வேண்டும் என்பது கடை வழக்கம் என்கிறார் கடைக்காரர். லாரி டிரைவர் சிவண்ணா மூன்று மாதமாகத் தோற்கவில்லை, இடதை விட்டு நகரவும் இல்லை. வலது பக்கம், கம்பெனிச் சட்டையோடு முருகேசன்.

"ஏனப்பா, இன்னிக்கும் சோத்தாங்கைப் பக்கமேதானா?" என்கிறார் சிவண்ணா.

"இருண்ணா, இன்னிக்கு உன்னைய எறக்கிவுடறேன்."

வாலிபத்தில் சடுகுடுவுக்கு எதிராள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அந்த நினைப்பில் நான் அசந்திருக்க, கடையே கத்துகிறது. முருகேசன் ஜெயித்துவிட்டான்!

சிவண்ணா சிரித்தபடி இடம் விடுகிறார். முருகேசன் அந்த மக்கர் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிடிக்கிறான்.

"பாத்தீங்களா தாத்தா? மூணு மாசமா இதுக்குத்தான் ஏங்கினேன்."

"பாத்தேன் சாமி. இனிமேதான் உனக்கு இருக்குது."

பஸ் ஹாரன் கூப்பிடுகிறது. ஜூஜுவாடிப் பக்கம் போகிறவர்கள் கடைக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அந்தக் கைப்பிடியை ரிப்பேர் பண்ணிவிட வேண்டாம்.