சுமாக்குக்குக் கடப்பாரை ஆகாது

"காலேஜ்ல படிச்ச செடி வேற, இந்த வெயில்ல நிக்கிற செடி வேற. ஒரு மாசம் தாங்குமா இந்தப் பொண்ணு?"

அமீரகத்தின் அல் ஐன் நகரில் தோட்டப் பராமரிப்பு சூப்பர்வைசராக நான் சேர்ந்த அன்று, எங்கள் ஃபோர்மேன் அண்ணன் என் காதுபடவே டிரைவரிடம் கேட்டார். அவர் திருச்சிப் பக்கம். நானும்தான். என் அப்பாவும் அம்மாவும் வாழைத் தோப்பில் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டக்கலைப் பட்டத்தோடு வந்திருந்தேன்.

முதலில் ஒரு வில்லாவைக் கொடுத்தார்கள். சுவரோரம் ஏழு சுமாக் மரங்கள். அரபு நாட்டில் கறியில் தூவும் புளிப்புப் பொடி தருகிற சுமாக்குக்கு இது பங்காளி. இது அழகுக்கு மட்டும். தொங்கும் கிளைகள், மெல்லிய நிழல். ஒரே தொல்லை, வேரிலிருந்து கிளம்பும் கன்றுகள். நடைபாதையின் இன்டர்லாக் கல் இடுக்கிலெல்லாம் தலை காட்டியிருந்தன.

வாழையில் பக்கக்கன்று வந்தால் கடப்பாரையால் குத்திப் பெயர்ப்போம். அண்ணன் அதையே சொன்னார். நானும் சரி என்றேன். அத்தனை படித்தும் வீட்டுப் பழக்கம்தான் முந்திக்கொண்டது.

மூன்றே வாரம். ஒரு கன்று இருந்த இடத்தில் ஐந்து. கற்கள் தூக்கிக்கொண்டன. வீட்டு மேடம் பார்த்துவிட்டு, "ஏக் மஹினா. உஸ்கே பாத் கலாஸ்" என்றார். ஒரு மாதத்தில் கன்று அடங்காவிட்டால் ஏழு மரங்களும் போகும். கூடவே என் வேலையும்.

"அண்ணே, தப்பு என்னோடது. குத்துன இடத்துல வேர் காயம்பட்டிருக்கு. காயத்துலேர்ந்துதான் குட்டி போடுது. இனிமே பாரை வேண்டாம்."

"அப்புறம்? மந்திரம் போடப் போறியாம்மா?"

"கையால பிடுங்கப் போறேன்."

அவர் சிரித்தார்.

கற்களை எடுத்து அடுக்கி வைத்தேன். மண்ணை நனைத்து, கன்று இளசாக இருக்கும்போதே விரலால் வேர்வரை தடவிப் போய், அடிக்கணு மிஞ்சாமல் இழுத்தேன். வெட்டினால் கணு தங்கிவிடும்; மறுபடி துளிர்க்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறுமுன் போவேன். இரண்டாவது வாரம் அண்ணனும் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

மாதம் முடிந்தபோது இரண்டே கன்றுகள், விரல் நீளம். மேடம் குனிந்து பார்த்தார். எதிர்ச் சுவரோரமும் ஐந்து மரம் வேண்டும் என்றார்.

புது மரக்கன்றுகள் நர்சரியிலிருந்து அடுத்த வாரம்தான் வரும். நேற்றே பாதையோரம் இரண்டடிப் பள்ளம் எடுத்து, வேர் தாண்டாதபடி கனத்த பிளாஸ்டிக் தகட்டை இறக்கிவிட்டேன்.