கிழியாத பட்டியல்

செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோல் ஒட்டுகிறவள் என்பதால் அவளுக்குப் பசையக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பசை நெடியில் மூச்சடைத்து இரண்டு பேர் செத்த வருடம் ஆலை வாசலில் உட்கார்ந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அந்தக் கூட்டம்தான் பிறகு கட்சியாகி நகரசபையில் ஏழு இடங்களைப் பிடித்தது.

ஜெயித்த கையோடு, வாடகையை ஏற்றக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். ஒற்றை அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

கட்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. அலுவலகச் சுவரில் கட்சிப் பொறுப்பாளர்கள் இருபத்துமூன்று பேரின் பெயரும் விலாசமும் இருக்கும். "மத்தவன் ஜெயிச்சா கதவைச் சாத்துவான். நாம விலாசத்தை ஒட்டுவோம்" என்பாள் பசையக்கா. இரண்டு முறை யாரோ கிழித்துப் போட்டதும், ஆலைப் பசையைக் கொண்டுவந்து தானே ஒட்டினாள். "இனி சுவர் பேந்தாத்தான் இதுவும் பேந்து வரும்."

தீர்மானம் போட்ட மறுவாரம் ஒரு மத்தியானம், வீட்டுக்காரர்களின் கும்பல் வர, தெருமுனையில் கண்ணாடி நொறுங்கியது. அலுவலகத்தில் அவள் மட்டும்தான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பட்டியலிடம் ஓடினாள். நகம் பிய்ந்ததே தவிர, காகிதம் அசையவில்லை. இடுப்பிலிருந்த தோல் சீவும் கத்தியை எடுத்தாள். இருபத்தோராவது பெயர் அவள் தம்பி. வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. கத்தி நேராக அங்கேதான் போனது. அதைச் சுரண்டி முடிக்கும்போது கதவு உடைந்தது.

முன்னால் நின்றவன் சைக்கிள் கடைக்காரன். ஆலை வாசலில் உட்கார்ந்த நாட்களில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தந்தவன்.

"அண்ணே, நீங்களா?"

"அன்னைக்கு நீ தெருவுல கெடந்த. இன்னைக்கு என் ஒத்தை ரூம் வாடகைக்கு நீ வெலை சொல்ற."

இரும்புக் கம்பி அவள் வலது கையில் இறங்கியது. கத்தி விழுந்தது. பின்னால் வந்தவன் அவள் விரல்களைச் சுவரோடு வைத்து நசுக்கினான். வாயில் ரத்தம் உப்புக் கரிக்க, தரையில் கிடந்தபடியே, ஒருவன் பட்டியலை மேலிருந்து சத்தமாகப் படிப்பதைக் கேட்டாள். இரண்டாவது பெயர் ஆலை கேன்டீன் சமையல்காரர். கால்மணி நேரத்தில் அவர் வீட்டுக்குள் புகுந்து, மனைவி கண்ணெதிரே இரண்டு முழங்காலையும் சம்மட்டியால் உடைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கட்சிக் கூட்டம் கூடியது. தம்பி வரவில்லை, குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தான். இனிப் பட்டியலே வேண்டாம் என்றார் கவுன்சிலர் ஒருவர். நாற்காலியில் தூக்கி உட்காரவைத்திருந்த சமையல்காரர் பசையக்காவைப் பார்த்தார்.

"சுரண்ட நேரம் இருந்துச்சாம்ல. யார் பேரைச் சுரண்டினம்மா?"

"தம்பி பேரை."

"அவனை மட்டுமா?"

"அவனைத்தாண்ணே முதல்ல."

சமையல்காரர் தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தப்பு."

"தப்புதாண்ணே."

"என் பேரை மறுபடி எழுது. விலாசத்தோட. ஒடைக்க இனி மிச்சம் என்ன இருக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா மாவுப் பசையில ஒட்டு."

அவள் இடது கையால் பேனாவை எடுத்தாள். எழுத்து கோணலாக வந்தது; விலாசம் மட்டும் தெளிவாக இருந்தது.