மகனின் கையில் தெரிந்த மூன்று கோடுகள்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து என் மகனைத் தும்புத்தடியால் அடித்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனின் மூக்கை உடைத்திருந்தான். "ஆருக்கும் கை நீட்டாதை" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். தடி முறிந்த பிறகுதான் நிறுத்தினேன். இதை வாசிக்கும் பிள்ளைகளே, இதை அழகாக்கி எழுத எனக்குத் தெரியாது, எழுதவும் கூடாது.

மறுநாள் காலை அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தோல் கறுப்பு, உள்ளே கன்றியிருந்தாலும் வெளியே லேசில் காட்டாது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் ஹனோவரில் படிக்கும் மூத்த மகள் முன்பே எச்சரித்திருந்தாள்: இனி ஒருமுறை தம்பியை அடித்தால் யூகன்ட்அம்டில் சொல்லிவிடுவேன் என்று. அது பிள்ளைகளைப் பாதுகாக்கும் அரசாங்க அலுவலகம். மகனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

சனிக்கிழமை அவள் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தாள். உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, பழைய கறுப்புவெள்ளைக் கமரா ஒன்றைப் பொருத்தி, அதைச் சுற்றி எட்டு நிறத்தில் சின்ன விளக்குகள் வைத்திருந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படம். அந்தப் படங்களை ஒப்பிட்டு, கண்ணுக்குப் படாததைக் கணினி பிரித்துக் காட்டுமாம். இந்த வேலைக்கான பெரிய கருவி ஒரு கார் விலையாம்.

"சப்பாத்துப் பெட்டியை வைச்சு ஆரைப் பேய்க்காட்டப் போறாய்?" என்றேன்.

"ஆரையும் இல்லை அப்பா. கறுத்த தோலுக்குள்ள இரத்தம் எங்க கட்டி நிக்குதெண்டு பாக்கத்தான். தம்பி, கையைத் தா."

மகன் கையை மடக்கிக்கொண்டான். "ஏலாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அடிச்சனீங்களோ?"

"இல்லை. வேணுமெண்டால் பார். டேய், காட்டடா."

நானே அவன் சட்டைக் கையை மேலே இழுத்து, கையைப் பெட்டிக்குள் தள்ளினேன். என் கண்ணுக்குத் தெரியாதது ஒரு மட்டைப் பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

விளக்குகள் மாறி மாறி மின்னின. திரையில் அவன் கை சாம்பல் நிறமாக வந்தது. மகள் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தாள். முழங்கைக்குக் கீழே, தடியின் அகலத்தில், மூன்று கறுத்த கோடுகள். முழங்கைக்கு மேலே நான்கு விரல்கள் இறுக்கிப் பிடித்த இடம்.

பெட்டியை மிதித்து நொறுக்க எழுந்தேன். நொறுக்கியும் இருப்பேன். நான் எழுந்த வேகத்தில் மகன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டான். அவன் அப்படிப் பழகியிருந்தான். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

"யூகன்ட்அம்டில போய்ச் சந்திக்கத் திங்கட்கிழமைக்கு டெர்மின் எடு பிள்ளை," என்றேன். "நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்லுறன்."

அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். எதனால் அடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை அடி என்று கேட்டார். படத்தில் தெரிந்ததையே சொன்னேன்: மூன்று.

பக்கத்தில் இருந்த மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பதினொண்டு."

மகள் அதை டொச் மொழியில் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டு, சரியா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஓம் என்று தலையாட்டினேன்.