என் எண்ணும் அவர் பெயரும்

தெஹியோவிட்டயிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் கிளாக்கர் வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வு பெற்று, ஆபீஸுக்குக் கீழே ரோட்டோரமாக வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அவரைப் பழைய கிளாக்கர் என்றே சொல்கிறேன். ஆபீஸில் இருந்த மற்றவர் பெரிய கிளாக்கர். ஆபீஸை நடத்தியது அவர்தான். தோட்டத்து மேனேஜரான தொரை கையெழுத்துப் போடுவார்.

முதல் நாள் காலையில் பெரிய கிளாக்கர் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். கொழும்பு ஆபீஸ் எனக்காகப் பதிந்து அனுப்பிய பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருந்தன. அடித்தேன். மிஷின் உள்ளே விட்டது. ஆனால் திரையில் வரியின் தொடக்கத்தில் பழைய கிளாக்கரின் பெயரைக் காட்டியது.

"ஐயா, நான் உள்ள போனா அவரு பேரு வருதுங்க."

பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"அப்பறம் என்ன மிஸ். செய்யுங்க."

தினமும் ரப்பர் பால் ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. எந்த டிவிஷனில் எத்தனை பேர் பால் வெட்டினார்கள், எத்தனை லீட்டர் வந்தது, எங்கே மழையால் வெட்டு நின்றது என்று போட வேண்டும். கடைசி வரியில் 'தயாரித்தவர்' என்று மிஷினே ஒரு பெயரை அச்சிடும். அதுவும் அவர் பெயர்தான். நான் பேனாவால் அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பெரிய கிளாக்கர் முகம் சுளித்தார்.

"கொழும்புக்குப் போற பேப்பர்ல கிறுக்கக் கூடாது. மிஷின் போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

அதற்கப்புறம் நான் பெயரை அடித்துத் திருத்தவில்லை. புதிதாக வந்தவள், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. அந்த ஆபீஸில் என்னோடு பேசும்போது நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வதே பெரிய விஷயமாக இருந்தது. பெயருக்காகச் சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, நான் நன்றாகவே வேலை செய்தேன். பின்னேரம் போய்க்கொண்டிருந்த ரிப்போர்ட் காலை பத்து மணிக்கே போனது. கூட்டல் பிழை இல்லை. இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, பழைய கிளாக்கர் பெயருக்கு. அவர் ஓய்வு பெற்றது கொழும்பில் ஒரு மாடிக்குத் தெரியும். ரிப்போர்ட் படிப்பவர்கள் வேறு மாடி.

தவறு நடந்துவிட்டது என்று தொரை எழுதி அனுப்புவார் என நினைத்தேன். அவர் ஆள் விட்டு பழைய கிளாக்கரைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார் அவர். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "நான் என் கடமையத்தான் செஞ்சேன்" என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தேத்தண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். கை காலியாக இல்லாததால் தட்ட முடியவில்லை.

அடுத்த மாதம் நான் ஒரு பிழை விட்டேன். மேல் டிவிஷனில் மழைக்கு வெட்டு நின்ற நாளன்று, முந்தின நாள் கணக்கையே திரும்பப் போட்டுவிட்டேன். முழுக்க முழுக்க என் கவனக்குறைவு. விளக்கம் கேட்டு கடிதம் வந்தது. அதுவும் பழைய கிளாக்கருக்கே வந்தது.

இந்த முறை இஸ்திரி இல்லாத சட்டையில் வந்தார். கடிதத்தை பெரிய கிளாக்கரின் மேசையில் வைத்தார்.

"வீட்டுல கோழி வளத்துக்கிட்டு இருக்கேன். நான் எப்படிங்க பால் ரிப்போர்ட்டுல தப்பு பண்ணுவேன்? என் பேர எடுங்க. இன்னைக்கே எடுங்க."

போன மாதம் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். "ஏன் மிஸ், இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கொழும்பில் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்கு போன் போட அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்தது. அவர் சிங்களத்தில் பேசினார். "ஒக்கோம ஹரி நங்கி," எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவருடைய திரையில் என் பெயர்தான் இருக்கிறதாம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். மிஷினுக்கு ஆட்களை எண்ணாகத்தான் தெரியும். பழைய கிளாக்கர் போனதும் அவருடைய எண் சும்மா கிடந்தது. வீணாக்க வேண்டாம் என்று அதை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மிஷினை ஒருதடவை நிறுத்திப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் இடி இடித்தாலே கரண்ட் போகும். அது நூறு தடவை நின்று எழும்பிய மிஷின்.

பகல் சாப்பாட்டு நேரங்களில் மிஷினுக்குள்ளேயே இருந்த ஆங்கில விளக்கப் பக்கங்களை உட்கார்ந்து படித்தேன். நான்காம் நாள் பிடிபட்டது. இந்த எண் யாருடையது என்று மிஷின் ஒவ்வொரு முறையும் கொழும்பைக் கேட்க வேண்டும். லைன் மெதுவானது, மழைக்கு அறுந்தும் போகும். அதனால் என்எஸ்சிடி என்று ஒரு சிறு புரோகிராம் யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொழும்பு ஒருதடவை சொன்ன பதிலை அது ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை கொழும்பைக் கேட்காமல் தானே சொல்லிவிடும். கரண்ட் போனாலும் மறக்காதபடி டிஸ்க்கிலும் எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை நேரம் ஞாபகம் வைக்க வேண்டும் என்பதை விநாடிக் கணக்கில் யாரோ போட்டிருந்தார்கள். கல்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஒரு வருஷம். அதனால்தான் என் எண்ணுக்கு இன்னும் பழைய கிளாக்கர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் மழையைத் தெரிந்த யாரோ நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்க வேண்டும்.

அதை மறக்கச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை அடிக்க அனுமதி கேட்டு தொரைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மறந்துட்டா எங்க பேரும் போயிருமா?"

"போகும் சேர். ஆனா உடனே கொழும்பக் கேட்டு வாங்கிக்கும்."

கையெழுத்துப் போட்டார். பெரிய கிளாக்கர் அலுமாரியைத் திறந்து, கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்த, மிஷின் முழுவதுக்குமான பெரிய பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தார். வரியை அடித்தேன். அடித்து முடித்த அந்த நிமிஷம் மழை பிடித்தது. லைன் அறுந்தது.

பெரிய கிளாக்கர் தன் மேசையில், அதே மிஷினோடு இணைந்த திரையைப் புதிதாகத் திறந்தார். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வந்தது. அதை அவர் வாய்விட்டு வாசித்தார். "எனக்குப் பெயர் இல்லை."

திரையை மூடி மறுபடி திறந்தார். அதே வாக்கியம்.

"முப்பது வருஷமா இங்க இருக்கேன் மிஸ்" என்றார்.

"லைன் வந்ததும் வந்துருங்க ஐயா."

"வரலைன்னா?"

"அது வரைக்கும் வேலை செய்யுதுங்களா?"

அவர் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரம் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாகவும் இருந்தது. மழை விட்டு லைன் வந்ததும் எல்லோர் பெயரும் அவரவர் இடத்தில் வந்தது, என் பெயரும். ஞாபகக் கணக்கை ஒரு நாளாகக் குறைத்து வைத்தேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன்.

விளக்கக் கடிதத்துக்கு நானே பதில் எழுதினேன். பிழை என்னுடையது, பெயர் மாறிய காரணம் இது என்று இரண்டு பக்கம். அந்த நல்ல ரிப்போர்ட்டுகளும் என்னுடையவை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கொழும்பு அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிழையைப் பற்றி மட்டும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் முழுப் பெயரும் அதில் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் அவருக்கு என் பெயர் மட்டும் வாசிக்கத் தெரியும். அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னன்னு போட்டிருக்காங்க?"

"இனிமே கவனமா இருக்கச் சொல்லியிருக்காங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் காலில் இருந்த சேற்றைக் கழுவப் போனார்.